விலக்கு என்ற சொல்லை நம்பாதவர்: பரமலிங்கம் அண்ணை நினைவாக

பரமலிங்கம் அண்ணை இறந்துவிட்டார் என்று தொலைபேசியில் சொன்ன குரலை நான் முதலில் நம்பவில்லை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். அறிமுகமில்லாத ஆண் குரல், "நீங்கள் ராதாதானே?" என்று கேட்டது. "நீங்க யாரு பேசறீங்க?" என்றேன்.

"நான் புஷ்பராணி மாமியின்ர அண்ணற்ற மகன். மாமா காலமை போயிட்டார். இருதயம். மாமி உங்களுக்குச் சொல்லச் சொன்னவ."

நன்றி சொல்லி வைத்தேன். பிறகு என் குறிப்பேட்டில் இருந்த எண்ணைத் தேடி, ஈஸ்ட் ஹாமில் அவர் வீட்டுக்கு நானே அழைத்தேன். அவருடைய மனைவி புஷ்பராணி அக்காதான் எடுத்தார். அழுதுகொண்டிருந்தவர் என் குரலைக் கேட்டதும் ஒரு கணம் நிறுத்தினார். "நீங்களும் திருப்பி எடுத்துப் பாக்கிறியளோ? அவற்ற பழக்கம் உங்களையும் பிடிச்சிட்டுது" என்றார்.

உண்மைதான். யார் எந்தச் செய்தி சொன்னாலும் பரமலிங்கம் அண்ணை போனை வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த எண்ணுக்குத் திருப்பி அழைத்து உறுதி செய்துகொள்வார். வங்கிக்கும் அப்படித்தான், சொந்தத் தங்கைக்கும் அப்படித்தான். தகனத்தன்று பேசிய நண்பர்கள் எல்லோரும் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சந்தேகக்காரர், ஆனால் தங்கமான மனிதர் என்றார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள், முடியவில்லை. அவரைச் சந்தேகக்காரர் என்று சொல்பவர்களில் பலருக்கு, அவர் மேல் விழுந்த சந்தேகத்தைப் பற்றித் தெரியாது. அதில் என் பங்கும் தெரியாது. அவரை அறிந்தவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

நான் திருச்சியிலிருந்து திருமணமாகி லண்டன் வந்தவள். ஃபாரஸ்ட் கேட்டில் வீடு. எண்பதுகளின் நடுவில் கிழக்கு லண்டனில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் ஆவணப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தேன். கோழிகளுக்கான தடுப்பூசிகளைச் சோதித்துச் சான்று எழுதிக் கொடுப்பது அந்த இடத்தின் தொழில். இன்று அந்த இடம் இல்லை. அதன் பெயரும் இங்கே தேவையில்லை.

நான் சேர்ந்த மறுவருடம் பரமலிங்கம் வந்தார். கிளிநொச்சிப் பக்கம் பன்னிரண்டு வருடம் அரசாங்க மிருக வைத்தியராக இருந்தவர். இங்கே அந்தப் பட்டம் செல்லாது; மறுபடியும் பரீட்சை எழுத வேண்டும். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த அவருக்கு எங்கள் இடத்தில் கிடைத்தது குளிர் அறைக் காப்பாளர் வேலை. நோய்க்கிருமிகளை உறைய வைத்திருக்கும் பெட்டிகளுக்கு அவரிடம் ஒரு சாவி, மேலாளர் பிரையனிடம் ஒரு சாவி.

முதல் வாரமே நான் கவனித்தேன். கதவைப் பூட்டிய பிறகு அவர் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். ஒருநாள், "பூட்டியாச்சு சார்" என்றேன்.

"பூட்டினது எனக்குத் தெரியும். கதவுக்குத் தெரியுமோ எண்டு பாக்கிறன்" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. பிறகு, "சார் எண்டு கூப்பிடாதேங்கோ பிள்ளை. அண்ணை எண்டாக் காணும்" என்றார். நான் அதற்குப் பிறகும் பல வருடங்கள் சார் என்றே கூப்பிட்டேன். அண்ணை என்று கூப்பிடும் அளவுக்கு நெருங்க நான் விரும்பவில்லை என்பதுதான் உண்மை.

கிருமிகளை அடைத்து வைக்கும் சின்னக் கண்ணாடிப் போத்தல்களை நான் குப்பி என்று சொல்வேன். எங்கள் ஊரில் மருந்துக்குப்பி, எண்ணெய்க்குப்பி எல்லாம் சாதாரணச் சொல். ரயில் நிலையத்தில் ஒருநாள், "இன்னிக்கு எத்தனை குப்பி வந்துச்சு சார்?" என்று கேட்டேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, அந்தச் சொல்லை வெளியில சொல்லாதேங்கோ. எங்கட சனத்துக்கு அது வேற." போராளிகள் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் நஞ்சுக் குப்பியைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் எனக்கு அவர் மேல் ஒரு பயம் வந்தது. எதற்காக இவர் இவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்? அன்று மாலை என் கணவரிடம் சொன்னேன். "அவங்களோட ரொம்ப வச்சுக்காதே. யாரு எதுல இருக்காங்கன்னு நமக்குத் தெரியாது" என்றார். அந்த ஆண்டுகளில் எங்களைப் போன்ற இந்தியத் தமிழர் வீடுகள் பலவற்றில் இதே பேச்சுத்தான் இருந்தது. பிறகு வந்த ஆண்டுகளில் அது இன்னும் கூடியது.

பரமலிங்கம் எதனால் இப்படி ஆனார் என்பதை ஒருநாள் சாப்பாட்டு அறையில் அவரே சொன்னார். கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோயை அவர் இராணிக்கெட் என்று சொல்வார். வன்னியில் ஒரு கிராமத்தில் அது வரப்போகிறது என்று தெரிந்து, கொழும்பிலிருந்து வந்த தடுப்பு மருந்தை வீடு வீடாகப் போய்ப் போட்டிருக்கிறார். பெட்டியில் முத்திரை சரி, லேபிள் சரி, தேதி சரி. வழியில் எங்கோ அது வெயிலில் கிடந்திருக்கிறது, மருந்து செத்துப்போயிருந்தது. இரண்டு வாரம் கழித்து நோய் வந்தபோது ஒரு கோழியும் மிஞ்சவில்லை.

"புருசன் இல்லாத பொம்பிளையள். முட்டை வித்துத்தான் பிள்ளையளுக்குக் கொப்பி வாங்கிறவை. செத்த கோழியளைச் சாக்கில கட்டிக்கொண்டு வந்து என்ர மிருக வைத்தியக் கந்தோர் வாசல்ல கொட்டிச்சினம். ஒருத்தியும் என்னை ஏசேல்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும்." சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "லேபிளை வாசிச்சனான். மருந்தைப் பாக்கேல்லை. அதுதான் நான் செய்த பிழை."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரசாங்கத்தின் அந்த உத்தரவு வந்தது. ஆபத்தான சில விலங்கு நோய்க்கிருமிகளை உரிமம் இல்லாமல் யாரும் வைத்திருக்கக் கூடாது, பிறருக்குக் கொடுக்கவும் கூடாது. உரிமம் வேண்டுமென்றால் இரட்டைக் கதவு வேண்டும், காற்று வடிகட்டி வேண்டும், உள்ளே போகிறவர் வருகிறவர் பதிவேடு வேண்டும், ஆய்வாளர் வந்து பார்த்துத் திருப்திப்பட வேண்டும். ஆனால் ஒப்புதல் பெற்ற கால்நடை மருந்துகளுக்குள் இருக்கும் கிருமிக்கு இந்த உத்தரவு பொருந்தாது. இது நியாயமான விலக்குதான். இல்லாவிட்டால் தடுப்பூசி போடும் ஒவ்வொரு பண்ணைக்காரரும் உரிமத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

சிக்கல் எங்கள் பெட்டிக்குள் இருந்தது. தடுப்பூசியில் இருப்பது வெள்ளைக்கழிச்சலின் வீரியம் குறைத்த கிருமி. அந்தத் தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்க்க, ஊசி போட்ட கோழிக்கு வீரியம் குறையாத அசல் கிருமியைக் கொடுத்துப் பார்ப்பார்கள். அந்த அசல் கிருமியும் எங்களிடம் இருந்தது. பெயர் ஒன்று, போத்தல் ஒரே மாதிரி. ஒன்று கோழியைக் காக்கும், மற்றது ஒரு மாவட்டத்துக் கோழிகளையே கொன்றுவிடும்.

பிரையன் என்னைக் கூப்பிட்டு இருப்புப் பட்டியல் தயாரிக்கச் சொன்னார். இரண்டையும் ஒரே தலைப்பில், 'தடுப்பூசி தொடர்பான பொருள்' என்று போடச் சொன்னார். "சோதனைக் கிருமியும் தடுப்பூசிக்காகத்தானே இருக்கிறது. விலக்கில் அடங்கும்" என்றார். பரமலிங்கம் அப்போது ஏதோ கையெழுத்துக்காக அந்த அறையில் நின்றுகொண்டிருந்தார். உத்தரவின் நகலை அவர் ஏற்கெனவே நூலகத்தில் வாங்கிப் படித்திருந்தார்.

"மருந்துக்கு விலக்கு இருக்கிறது. மருந்தைச் சோதிக்கிற நோய்க்கு விலக்கு எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று காட்டுங்கள்" என்றார், தெளிவான ஆங்கிலத்தில்.

"பரம், நீ வழக்கறிஞரா?"

"இல்லை. மிருக வைத்தியர்."

"இங்கே இல்லை" என்றார் பிரையன்.

பரமலிங்கம் எனக்குப் பின்னால் வெளியே வந்து என் மேசையருகே நின்றார். பிறகு தமிழில், "உந்தப் பட்டியலை அடிக்க முதல் ஒருக்கா உள்ள வந்து வடிவாப் பாருங்கோ பிள்ளை. எது எந்தத் தட்டில இருக்குதெண்டு நான் காட்டுறன்" என்றார்.

"குளிர் எனக்கு ஒத்துக்காது சார்" என்றேன். அது பொய். குளிர் அறைக்குள் அவரோடு தனியாகப் போவதைப் பிரையன் பார்த்தால் என்னையும் அவர் பக்கத்து ஆளாக நினைப்பார் என்று பயந்தேன். பட்டியலை அப்படியே தட்டச்சு செய்தேன். 'உத்தரவிலிருந்து விலக்கு பெற்றது' என்ற வரி ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வந்தது.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து, காய்ச்சல் என்று ஒரு வாரம் விடுப்பில் இருந்துவிட்டுத் திரும்பிய பரமலிங்கம், அசல் கிருமிப் போத்தல்களைத் தன் கைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். பதினான்கு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றுதான் இருந்தது. அன்றே எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். மூன்று போத்தல் காணாமல் போனதை முதலில் சொன்னவர் அவர்தான் என்பதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் ஒரே நாளில் அது மறக்கப்பட்டுவிட்டது. சாவி யாரிடம்? அவரிடம். எந்த நாட்டிலிருந்து வந்தவர்? யாரோடு தொடர்பு? வெளியிலிருந்து பாதுகாப்பு ஆலோசகர் என்று ஒருவர் வரவழைக்கப்பட்டார்.

என்னையும் கூப்பிட்டார்கள். பிரையனும் அந்த ஆலோசகரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பரமலிங்கம் ஏதாவது வெளியே எடுத்துப் போவதைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்கள்.

நான் ஒன்றைப் பார்த்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன் குளிர் அறைக்கு வெளியே உள்ள நடையில் அவர் ஒரு வாய் அகன்ற எவர்சில்வர் பிளாஸ்க்கைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே ஐஸ் துண்டுகள். அதன் நடுவே ரப்பர் மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் போத்தல். என்னைக் கண்டதும் சட்டென்று மூடிவிட்டார். அதைச் சொன்னேன்.

"அவர் கொஞ்ச நாளாகப் பதற்றமாக இருந்தாரா?" என்று ஆலோசகர் கேட்டார்.

"ஆமாம். அப்படித்தான் இருந்தார்" என்றேன்.

அந்தக் கேள்வி வரும்வரை அப்படி ஒரு எண்ணமே எனக்கு இருந்ததில்லை. கேட்டவுடன் அது எப்போதோ பார்த்த உண்மை போலத் தோன்றியது. அவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலையே பரமலிங்கத்தை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். மறுநாள் விசாரணைக்கென்று இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் தன் அடையாள அட்டையைக் காட்டினார், மற்றவர் காட்டவில்லை. புஷ்பராணி அக்கா பின்னாளில் எனக்குச் சொன்னார்: "பிறிட்ஜைத் திறந்து மீன்குழம்புச் சட்டியைக்கூட மோந்து பாத்தவை. பிறகு இவற்ற மருந்துப் போத்தலை எடுத்துக்கொண்டு போயிட்டினம். ரெண்டு நாள் இவர் மருந்தில்லாமல் கிடந்தவர். வேற வாங்க வெளிக்கிடவும் பயம்."

அந்த மருந்து இன்சுலின். பிளாஸ்க்கில் நான் பார்த்ததும் அதுதான். அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. குளிர் அறையில் வேலை செய்கிறவருக்கு அது இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்திருந்தார். காய்ச்சல் என்று விடுப்பு எடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். இன்சுலின்தான் என்று சோதனையில் தெரிந்த பிறகும் சந்தேகம் போகவில்லை. ஒன்றை மறைத்தவர் இன்னொன்றையும் மறைப்பார் என்றார்கள். அவருடைய அகதி விண்ணப்பம் அப்போதும் முடிவாகாமல் இருந்தது. அந்தக் கோப்பில் இது போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் அந்த வீட்டின் பயம்.

மூன்று வாரம் கழித்து, உரிமங்களைப் பரிசீலிக்க அரசு ஆய்வாளர் ஒருவர் வரப்போகிறார் என்று தெரிந்தது. கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலை எனக்கு. அனுப்புகைக் கடிதங்களின் நகல்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நகலில் கை நின்றது. பரமலிங்கம் விடுப்பில் இருந்த வாரத்தின் தேதி. 'மூன்று போத்தல். தடுப்பூசி தொடர்பான பொருள். உத்தரவிலிருந்து விலக்கு பெற்றது.' கிழக்கே ஒரு மாவட்டத்தில் பிரையனின் பழைய நண்பர் நடத்திய சிறிய கோழி ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பப்பட்டிருந்தது. கீழே பிரையனின் கையெழுத்து. அதற்கும் கீழே தட்டச்சு செய்தவரின் முதலெழுத்துகள். என்னுடையவை.

அதை அடித்த நினைவே எனக்கு இல்லை. ஒரு நாளைக்கு அப்படி முப்பது கடிதம் அடிப்பேன். எனக்கு முதலில் வந்த எண்ணம் என்ன தெரியுமா? பரமலிங்கம்தான் இந்த நகலை எப்படியோ உள்ளே சொருகியிருப்பார் என்பது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவரிடம் கோப்பு அறைச் சாவி இல்லை, தட்டச்சு என்னுடையது, காகிதம் எங்கள் காகிதம் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட பிறகுதான் அந்த எண்ணம் விலகியது.

பிரையனுக்கு இது நினைவில்லையா, நினைவிருந்தும் பேசாமல் இருந்தாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. போனது வெறும் தடுப்பூசிப் பொருள் என்று அவரே எழுதிய தலைப்பை அவரே நம்பியிருக்கலாம். நகலை நான் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஐந்து நாள் அது கைப்பையிலேயே இருந்தது. கணவரிடம் காட்டினேன். "இதைக் கொடுத்தா உன் வேலை போகும். அந்த ஆளு உனக்கு யாரு?" என்றார்.

ஆய்வாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. மழையில் நனைந்த கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு, பட்டியலை விரல் வைத்துப் படித்தார். பிரையன் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தார். காணாமல் போன மூன்று போத்தலுக்கு ஒரு ஊழியர்மேல் நடவடிக்கை எடுத்தாகிவிட்டது என்று அவர் சொன்னபோது நான் தேநீர்த் தட்டோடு உள்ளே போனேன். தட்டை வைத்தேன். நகலையும் அதன் பக்கத்தில் வைத்தேன்.

ஆய்வாளர் அதைப் படித்தார். "இது விலக்கு பெற்றது என்று யார் முடிவு செய்தது?" என்று கேட்டார்.

"பட்டியலில் அப்படி இருந்தது" என்றேன்.

"பட்டியலை யார் எழுதியது?"

"நான்தான் தட்டச்சு செய்தேன். பெட்டியைப் பார்க்காமல் செய்தேன். பரமலிங்கம் பார்க்கச் சொன்னார், நான் போகவில்லை. இது தவறு என்று அவர் அப்போதே சொன்னார்."

ஆய்வாளர் அங்கிருந்தே அந்த நிலையத்துக்குப் போன் செய்தார். மூன்று போத்தல்களும் கிடைத்தன. ஊழியர்கள் மதியச் சாப்பாட்டு டப்பாக்களை வைக்கும் குளிர்ப்பெட்டியில், பாலுக்குப் பக்கத்தில், திறக்கப்படாமல் இருந்தன. தடுப்பூசிப் பொருள்தானே என்று பெற்றுக்கொண்டவர் அங்கே வைத்திருக்கிறார். அடுத்த கட்டடம் குஞ்சு பொரிக்கும் கூடம். ஒரு போத்தல் கை தவறி விழுந்திருந்தால், மிதித்த செருப்போடு யாராவது ஒருவர் அங்கே போயிருந்தால் போதும். ஆய்வாளர் அன்றே ஆள் அனுப்பி அவற்றைக் கொதிக்கவைத்து அழித்தார். ஒரு குஞ்சும் சாகவில்லை. ஒன்றும் நடக்காததால் செய்தித்தாளில் ஒரு வரியும் வரவில்லை.

யார் மேலும் வழக்குப் போடவில்லை. விலக்கின் வாசகத்தை நல்லெண்ணத்தில் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று முடிந்தது. பிரையன் அதே நாற்காலியில் இருந்தார். பரமலிங்கத்துக்கு நிர்வாகம் ஒரு கடிதம் அனுப்பியது. அவருக்கு எதிராக ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை, அவர் வேலைக்குத் திரும்பலாம் என்று.

அவர் அந்தக் கடிதத்தோடு நேரே என் மேசைக்கு வந்தார். ஆள் மெலிந்திருந்தார். "ஆதாரம் கிடைக்கேல்லை எண்டால் என்ன அர்த்தம் பிள்ளை? தேடினது சரி, அம்பிடேல்லை எண்டு. 'இவர் செய்யேல்லை' எண்டு எழுதித் தரச் சொல்லுங்கோ. நான் நாளைக்கே வாறன்."

நான் மேலே போய்க் கேட்டேன். சட்ட ஆலோசகர் அப்படி எழுத ஒப்பமாட்டார் என்றார்கள். பரமலிங்கம், யாரும் திருப்பிக் கேட்காமல் தன்னிடமே இருந்த குளிர் அறைச் சாவியை என் மேசையில் வைத்தார், அதற்கு ரசீது எழுதி வாங்கிக்கொண்டார், போய்விட்டார். அடுத்த மாதம் நானும் அந்த வேலையை விட்டேன்.

பிறகு அவர் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு மளிகைக் கடையில் மீன் பகுதியைப் பார்த்துக்கொண்டார். அங்கே நின்றுகொண்டே பரீட்சைக்குப் படித்தார். தெரிந்தவர்கள் பூனையையும் கிளியையும் கூண்டோடு கொண்டுவந்து காட்டுவார்கள். தொடமாட்டார். "எனக்கு இன்னும் உரிமம் இல்லை. இதுக்கு விலக்கும் இல்லை. டொக்டரிட்டக் கொண்டு போங்கோ" என்று அனுப்பிவிடுவார். அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டது. இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை பரீட்சையில் தேறினார். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு சிறிய கால்நடை மருத்துவமனையில் மறுபடியும் மிருக வைத்தியரானார். உங்களில் பலருக்கு அவரைத் தெரிந்தது அங்கேதான்.

நகலைக் கொடுத்தது நான் என்பது அவருக்குத் தெரியும். பிளாஸ்க்கைப் பற்றிச் சொன்னதும் நான்தான் என்பது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அவர் என்னோடு பழகிய விதத்தில் மாற்றமில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கடைக்குப் போகும்போதெல்லாம் அவர் முகத்தில் எதையோ தேடுவேன். அவர் மீனை நிறுத்துப் பொதி செய்து கொடுப்பார். அவர் பரீட்சையில் தேறிய வருடம், ஈஸ்ட் ஹாமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் என்னையும் புஷ்பராணி அக்காவையும் கூட்டிவைத்து விருந்து கொடுத்தார். அக்கா கை கழுவப் போன நேரத்தில் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அந்த பிளாஸ்க்கைப் பத்தி அவங்ககிட்ட சொன்னது நான்தான்."

முதன்முறையாக நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டது அன்றுதான். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. வடையைப் பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"தெரியும். நடையில என்னைக் கண்டது நீங்கள் மட்டும்தானே" என்றார். "கண்டதைச் சொல்லுறது பிழையில்லை. காணாததையும் சேர்த்துச் சொன்னனீங்களோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் காத்திருந்தார்.

"பதட்டமா இருந்தீங்கன்னு சொன்னேன்."

"இருந்தனானோ?"

"இல்ல. அவங்க கேட்டாங்க. அதனால சொன்னேன்."

அவர் பிட்ட வடையைத் தட்டில் வைத்தார். "அந்த ஒரு சொல்லைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டவங்கள் பிள்ளை. ஏன் பதட்டம், ஏன் பதட்டம் எண்டு. எனக்கே நான் பதட்டமாத்தான் இருந்தனோ எண்டு சந்தேகம் வந்திட்டுது."

"மன்னிச்சிடுங்க."

"கோவம் இருக்கு. இல்லையெண்டு சொல்லமாட்டன்" என்றார். "தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ."

அக்கா திரும்பி வந்தார். வேறு பேச்சு நடந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. கடைத்தெருவில் கண்டால் தலையசைப்பார், நிற்கமாட்டார். நான் அதைத் தகுதியான தண்டனையாக எடுத்துக்கொண்டேன். எங்கள் பழக்கம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை ஃபாரஸ்ட் கேட்டில் என் வீட்டு மணி அடித்தது. கையில் ஒரு படிவத்தோடு நின்றார். பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறார். அவரை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி எழுத வேண்டும். ஒருவர் அவர் வேலை செய்யும் கால்நடை மருத்துவமனையின் மூத்த டாக்டர். "மற்ற ஆள் நீங்கள்" என்றார்.

"நானா? ஏன் அண்ணே?"

"என்னைப் பற்றிப் பிழையாச் சொன்னால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத்தான் தெரியும். அதால நீங்கள் கவனமா எழுதுவியள்."

படிவத்தோடு தனிக் கடிதமும் வைக்க விரும்பினார். அவரை உட்காரவைத்துவிட்டு ஒரு பக்கம் எழுதினேன். பல வருடங்களாக அறிவேன், மிகவும் நேர்மையானவர், பொறுப்பு மிக்கவர் என்று தொடங்கியிருந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அந்த இரண்டு வரியையும் அடித்தார்.

"இதை ஆரும் எழுதலாம். நீங்கள் என்ன கண்டனீங்கள்?"

மறுபடி எழுதினேன். மூன்று போத்தல் குறைந்ததை அவரே முறைப்பாடாகக் கொடுத்தார், நான் பார்த்தேன். ஒரு தவறான பட்டியலை மேலாளர் முன்னால் மறுத்தார், நான் பார்த்தேன். தனக்குச் சாதகமாக வந்த ஒரு கடிதத்தை, அதில் முழு உண்மை இல்லை என்று ஏற்க மறுத்தார், நான் பார்த்தேன். உரிமம் இல்லாத காலத்தில் ஒரு கிளியைக்கூடத் தொட மறுத்தார், நான் பார்த்தேன். அவர் இரண்டு முறை படித்தார். "இது போகட்டும்" என்றார். மன்னித்துவிட்டேன் என்று அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. குடியுரிமை கிடைத்த நாளில் அவரே போன் செய்தார். நான் வைத்துவிட்டுத் திருப்பி அழைத்தேன். சிரித்தார்.

அவர் பென்சிலால் அடித்த அந்த முதல் பக்கம் என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். இந்த அஞ்சலியை எழுத உட்கார்ந்தபோது நல்லவர், நேர்மையானவர் என்ற சொற்கள் தாமாகவே வந்தன, ஒவ்வொன்றையும் அடித்துவிட்டேன். பரமலிங்கம் அண்ணையைப் பற்றி நான் கண்டதை மட்டும் எழுதியிருக்கிறேன். காணாததை ஒருமுறை சேர்த்ததையும் எழுதியிருக்கிறேன்.